உப்பு அம்பாரக் காவலுக்கு எழுதிய ஐந்து வரிகள்

மரக்காணம் போலீஸ் ஸ்டேஷன், 14.5.1974.

என் பெயர் கமலாம்பாள், வயது நாற்பத்திரண்டு, மரக்காணம் கோவில் தெருவில் குடியிருக்கிறேன். கணவர் பெயரை நான் வாயால் சொல்வதில்லையாதலால், அவர் இங்கே கொடுத்த மனுவைப் பார்த்து, அவர் பெயர் தட்சணாமூர்த்தி என்று ஏட்டய்யாவே எழுதிக்கொண்டார். எங்களுக்கு ஒரு உப்பளம் உண்டு. வாரிய உப்பை அம்பாரமாகக் குவித்து, யாராவது தொட்டால் தெரியும்படி மேலே சாம்பலால் முத்திரை போட்டு, காவலுக்கு ஆள் வைப்போம்.

போன வருடம் மட்டும் நான்கு காவல்காரர்கள் வேலையை விட்டு நின்றுவிட்டார்கள். கடைசியாக நின்ற கலியபெருமாளிடம் காரணம் கேட்டதற்கு, "எனக்கு இன்னா வேலைன்னே தெரியலம்மா. அய்யா பீடி வாங்கியான்றாரு, நீங்க மாட்டக் கட்டுன்றீங்க, அதுக்குள்ள உப்பு கொறஞ்சிடுச்சின்னு ரெண்டு பேரும் திட்றீங்க" என்றார். அது நியாயமாகப் பட்டது. அதன் பிறகு நான் சாமி கும்பிட்டுவிட்டு, காவலாள் செய்ய வேண்டியது, செய்யக் கூடாதது, அம்பாரத்தை யார் தொடலாம் என்று ஒரு சீட்டில் ஐந்து வரி எழுதி, வேலை கேட்டு வந்தவர்களுக்கு முதலில் அதைப் படித்துக் காட்டினேன். இரண்டு பேர் கேட்டதும் போய்விட்டார்கள். எக்கியார்குப்பம் சிங்காரம் மட்டும், "மாடு இல்லியே?" என்று கேட்டுக்கொண்டு சேர்ந்தார். சீட்டை அவர் கையில் கொடுத்து, தினமும் ஒப்பிக்கச் சொன்னேன். மூன்றாம் நாளே தப்பில்லாமல் சொன்னார்.

தொடலாம் என்ற வரியில் என் பெயரையும் உப்புத் தூக்கும் அஞ்சம்மாள் பெயரையும் எழுதி, கணவர் பெயருக்கு இடம் விட்டிருந்தேன். சிங்காரம் சேர்வதற்கு முன்பே வெளியூர் போயிருந்தவர் வந்து தன் கையாலேயே எழுதிக்கொள்வார் என்று நினைத்தேன்.

நேற்றுப் பகல் பதினோரு மணிக்கு பஸ்ஸை விட்டு இறங்கிய கணவர், வீட்டுக்கு வராமல் நேரே அளத்துக்குப் போய், வியாபாரிக்குக் காட்ட முத்திரையைக் கலைத்து ஒரு பை உப்பு அள்ளியிருக்கிறார். சிங்காரம் பையைப் பிடித்துக்கொண்டார். அதன் பிறகு நடந்த பேச்சை இருவரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள்.

"ஏம்பா, நான்தான்யா மொதலாளி."

"மொதலாளின்னா பேரு இருக்கணுமே. பாருங்க, இங்க காலியாத்தான் இருக்குது."

"டேய், அந்தக் காலி எடம்தாண்டா நானு!"

"சரிங்க, குந்துங்க. அம்மா வரட்டும்."

திருடன் பிடிபட்டால் என்னைக் கூப்பிட வேண்டும் என்பது ஐந்தாம் வரி. அம்பாரத்தை விட்டு நகரக் கூடாது என்பது இரண்டாம் வரி. ஆகவே கணவரை அவர் துண்டாலேயே கொட்டகைக் கம்பத்தில் கட்டிவிட்டு, நான் கூழ் கொண்டுபோகும் வரை இருவரும் காத்திருந்தார்கள். நான் போனபோது மணி ஒன்றரை. சிங்காரம் ஓலைக்கீற்று ஒன்றைக் கணவர் தலைக்கு மேல் வெயில் படாமல் பிடித்துக்கொண்டு நின்றார். அது சீட்டில் இல்லாத வேலை.

அவிழ்த்துவிட்டதும் கணவர் இங்கே வந்து மனுக் கொடுத்தார். நேற்று மாலை முதல் சிங்காரம் ஸ்டேஷனில் இருக்கிறார். கேஸ் ஆகிவிட்டால் இனி எந்த அளத்திலும் அவரைக் காவலுக்கு வைக்க மாட்டார்கள். அவர் சீட்டில் உள்ளதைத்தான் செய்தார். குற்றம் என்றால் என் பேரில் எழுதவும்.

ஆள் இல்லாததால் இன்று விடியற்காலை முதல் கணவரே காவலுக்கு நிற்கிறார். கையில் அதே சீட்டைத்தான் கொடுத்தேன். சற்று முன் அஞ்சம்மாளிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்: "கேஸும் வேணாம், ஒண்ணும் வேணாம், சிங்காரத்த ஓடியாரச் சொல்லு. ஒதுங்கக்கூடப் போவ முடியல."

இதுவரை எழுதியிருப்பது நான் சொன்னதுதான். வரிவரியாக நானே படித்துப் பார்த்து, எல்லாம் நிஜமென்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்) கமலாம்பாள்
என் முன்பாக: தேவநாதன், ஏட்டு