பீச்சாங்கை ஸ்பீக்கர்

— இன்னொரு தபா சொல்றேன் லோகு, பொட்டிய தூக்கிகினு கெளம்பு. சமையல்கட்டு ஓரமா கீதே, அந்த பீச்சாங்கை ஸ்பீக்கரு செத்துக் கெடக்குது. பாட்டு மொத்தமும் சோத்தாங்கை பக்கமா சாஞ்சிகினு ஓடுது.

— மேத்யூ, வார்த்தய அளந்து பேசு. முப்பது வருசமா எம்.கே.பி. நகர்ல ஆம்ப்ளிஃபையர் கட்டிகினு கீறேன். எவனும் என்னாண்ட வந்து இப்டி பேசினதில்ல.

— நான் பேசுவேன். ராயபுரம் ஃபுல்லா சொல்லுவேன். முன்னாடி ஒரு வால்வு பொட்டி, பின்னாடி ஒரு டிரான்சிஸ்டர் பொட்டி. ரெண்டுக்கும் ஒத்துக்காதுன்னு எனக்கு அப்பவே தோணிச்சு. நீதான் ரீலு வுட்டு என் தலையில கட்ன.

— ரீலா? வால்வுல பூந்து வந்தா கொரலு கொழஞ்சி இனிப்பா வரும். ஆனா ஸ்பீக்கர தள்ற தெம்பு அதுக்கு பத்தாது. அதுக்குத்தான் டிரான்சிஸ்டரு. பாத்துப் பாத்து ஜோடி சேத்தேன்யா, பேஜாரு பண்ணாத.

— லோகநாதண்ணே, சண்ட போடாம ரெண்டையும் எடுத்துகினு போயிடுங்க. ஒங்களுக்கு புண்ணியமா போவும்.

— இன்னா ஐரீன், சமையல்கட்டு வாசல்ல நின்னுகினு ஒன் புருசனோட சேந்து நீயும் ஆரம்பிச்சிட்டியா? பாட்டு ஓடுது, கொஞ்சம் சும்மா இரும்மா.

— ஏன் சும்மா இருக்கணும்? இந்தப் பொட்டி வந்து மூணு மாசம். டூட்டி முடிஞ்சா இந்த நாற்காலி, இந்தப் பாட்டு, வேற பொழப்பே இல்ல. எங்கம்மா ஞானபாக்கியம் மாதவரத்துல முதியோர் இல்லத்துல கெடந்து அழுவுது. "இங்க கூட்டியாரட்டா"ன்னு மூணு தபா கேட்டேன், இதே வாசல்ல நின்னு. இந்த மனுசன் வாயே தொறக்கல. நாலாவது தபா கேக்க நான் இன்னா பிச்சக்காரியா? அதோட பேச்ச நிறுத்திட்டேன்.

— புருசன் பொண்டாட்டி தகராறுல என்ன இழுக்காத தாயீ.

— பாருங்க, இப்பக்கூட என் பக்கம் மூஞ்சிய திருப்பறாரா? எங்கம்மா செத்தாத்தான் இவருக்கு நிம்மதி.

— லோகு, அங்க இன்னா பேச்சு? வேலய பாரு.

— கேட்டீங்களாண்ணே? எங்கம்மா பேச்ச எடுத்தா "இன்னா பேச்சு"ன்றாரு! இந்த ஆளு கூட நான் எப்டி குடும்பம் பண்றது?

— செரி செரி, வுடு ஐரீன். மேத்யூ, இப்ப சொல்லு, எந்தப் பக்கம் தூக்கலா கேக்குது?

— எத்தினி வாட்டி சொல்றது? சோத்தாங்கை பக்கம்தான்.

— போன வாரம் வால்வு ரெண்டையும் எடம் மாத்தி சொருகினேன். அப்பால ரெண்டு பொட்டிக்கும் நடுவுல போற ஒயர பக்கம் மாத்தி சொருகினேன். இன்னிக்கி ஸ்பீக்கரயே ஒயரோட தூக்கி பக்கம் மாத்தி வெச்சிட்டேன், என் இடுப்பு போச்சு. கோளாறு என் சரக்குல இருந்தா அதுவும் கூடவே எடம் மாறணுமா வேணாமா? மாறல.

— அப்ப நான் பொய் சொல்றனா? இருபத்தஞ்சு வருசமா ஹார்பர்ல சரக்கு தூக்கற வின்ச் ஓட்றவன். அது சுத்தற சத்தத்த வெச்சே எந்த பேரிங்கு தேஞ்சிகீதுன்னு சொல்ற காது இது. ஒன் சரக்குல இல்லன்னா இந்த ரூம்லதான் இன்னாமோ கீது. பீச்சாங்கை பக்கம் ஜன்னலு. கன்டெய்னர் லாரி சத்தம் பாட்ட முழுங்குது, அவ்ளோதான்.

— சபாஷ். அப்ப ரூமயும் திருப்பிப் பாத்துடலாம். எந்திரி.

— இன்னாத்துக்கு?

— நாற்காலிய திருப்பிப் போட்றேன். ஸ்பீக்கருக்கு முதுக காட்டிகினு உக்காரு. ரூமு தப்புன்னா இப்ப பீச்சாங்கை பக்கம் தூக்கலா கேக்கணும்.

— லூசாய்யா நீ? எவனாவது செவுத்த பாத்துகினு பாட்டு கேப்பானா?

— உக்காருய்யா! ஒரே ஒரு நிமிசம். அதுக்கு மேலயும் நீ என் பொட்டிய கொற சொன்னா நானே காசிமேட்டு கடல்ல தூக்கிப் போட்டுட்டு போறேன்.

— தோ, உக்காந்துட்டேன். போதுமா?

— எந்தப் பக்கம்?

— இரு…

— எந்தப் பக்கம்னு கேக்கறேன் மேத்யூ.

— சோத்தாங்கை பக்கம்.

— இன்னொரு தபா நல்லா கேட்டு சொல்லு.

— சோத்தாங்கை பக்கம்தான்யா!

— இப்ப ஒனக்கு சோத்தாங்கை பக்கம் நிக்கிறது எது தெரியுமா? இம்மாம் நேரம் செத்துப்போச்சு செத்துப்போச்சுன்னு என் மானத்த வாங்கினியே, அந்த ஓரம். சமையல்கட்டு ஓரம். வால்வு மாறிச்சு, ஒயரு மாறிச்சு, ஸ்பீக்கரு மாறிச்சு, ரூமும் திரும்பிச்சு. இதுல மாறாதது ஒன் காது மட்டும்தான். ஒன் பீச்சாங்கை காது அவுட்டு. போய் டாக்டர பாரு, அப்பறம் ராயபுரம் ஃபுல்லா சொல்லு.

— காதா? நல்ல சாக்குதான். "எங்கம்மாவ கூட்டியாரட்டா"ன்னு இந்த செவுத்த கேட்டிருந்தா, அது பதில் சொல்லியிருக்கும்.

— ஐரீன், ஒங்கம்மாவயா? நாளைக்கே கூட்டியா, யாரு வேணான்னது? இத்த இன்னாத்துக்கு இத்தினி நாளா என்னாண்ட கேக்காம இருந்த?