உறையூர் திருப்பம்

குடல் ஏறிடுச்சுன்னு யாரு சொன்னா? உங்க மாமியாரா? அவங்க எந்தக் காலேஜ்ல டாக்டருக்குப் படிச்சாங்க? கோவிச்சுக்காதீங்க தம்பி. ஸ்ரீரங்கத்துலேர்ந்து உறையூருக்குக் குடல் தட்டணும்னு என் ஆட்டோல ஏறுற எல்லாருக்கும் ஒரு மாமியார் இருக்காங்க.

என்ன செய்வாங்கன்னு தெரியுமில்ல? வயித்துல விளக்கெண்ணெய். அப்புறம் காலைப் புடிச்சுத் தலைகீழா தூக்கி உள்ளங்கால்ல நாலு தட்டு. ஏறுன குடல் எறங்கிடுமாம். குடலென்ன, லிஃப்டா?

பாப்பா பேரு? தேவதர்ஷினியா. அம்மாடி தேவதர்ஷினி... கண்ணே தொறக்கலையே. தூங்குறாளா? காவிரிப் பாலத்துல இத்தனை ஹாரனுக்கும் அசையாம எந்தப் புள்ள தூங்கும்?

போன வாரம் காய்ச்சல் இருந்துச்சா? அதானே பாத்தேன். காய்ச்சல் விட்டுடுச்சு, வாந்தி நிக்கல, வயித்து வலி. உடனே மாமியார் கண்டுபிடிச்சிட்டாங்க. காலைத் தொட்டுப் பாருங்க. ஜில்லுன்னு இருக்கா? இந்தப் பங்குனி வெயில்ல எனக்கு முதுகெல்லாம் ஊத்துது, அவளுக்கு மட்டும் ஜில்லுங்குது. மடியில படுத்திருக்கிற புள்ளைக்கு ஓடி வந்த மாதிரி எதுக்கு இரைக்குது? குடல்தான் மூச்சு விடுதாக்கும்.

என்னது, காலையில மயங்கி விழுந்தாளா? இதைக் கடைசியாச் சொல்றீங்க! வெறும் வயிறாமே. நல்லா இருக்குங்க.

இருதயம், தம்பி. சில புள்ளைங்களுக்குக் காய்ச்சல் போற போக்குல இருதயத்துல வீக்கத்தை வெச்சிட்டுப் போயிடுமாம். இவளுக்கும் அதுதான்னு நான் சொல்லல, நான் ஆட்டோக்காரன். ஆனா கால் ஜில்லிட்டு, இரைச்சு, மயக்கமும் வந்தா ஒரு நிமிஷம்கூட வீட்ல வெச்சிருக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. எங்க பேரனைப் பாத்துட்டுச் சொன்னது.

ஆமா, உறையூர் திருப்பம் போயிடுச்சு. தெரிஞ்சுதான் விட்டேன். கத்தாதீங்க. பெரியாஸ்பத்திரிக்குப் போறோம்.

உறையூர்ல குடல் தட்டுற ஆனந்தவள்ளியம்மா கைபட்டா சரியாயிடுமா? ஊரே சொல்லுதா? சொல்லும், சொல்லும்.

அந்தக் கையால ஆக்கிப் போடுறதைத்தான் நான் தெனம் சாப்பிடுறேன். என் வீட்டுக்காரிங்க அவ. எங்க பேரன் இப்படிக் கெடந்தப்போ எண்ணெய்க் கிண்ணத்தைத் தொடவே இல்லியே! புள்ளைய அள்ளிக்கிட்டு இதே சீட்டுல உக்காந்து, எங்கேயும் நிக்காம ஆஸ்பத்திரிக்கு விடுங்கன்னா. அவன் பொழச்சு வீட்டுக்கு வந்த மறுநாளு, வாசல்ல ஊரான் புள்ளைங்க. அதுங்களுக்கு மட்டும் எண்ணெயத் தடவிக் குடல் தட்டுனா அவ. அதுல ரெண்டை நான்தான் கொண்டாந்து எறக்குனேன்.

தலைய நல்லா தூக்கிப் புடிங்க. இதோ, ஆஸ்பத்திரி கேட்டு வந்திடுச்சு.