‘புட் அப் வித்’: யார் வலியை யார் பொறுப்பது?

தலைமை ஏற்றிருக்கும் தொழிற்சங்கச் செயலாளர் ஈஸ்வரன் மாமா அவர்களே, தேயிலைக் கொழுந்துக் கறை காயாத கைகளோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, மலையேறி முழங்கால் தேய்ந்த பெரியவர்களே, என்னோடு லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்த தங்கைகளே, வணக்கம்.

என்ன அண்ணே? சத்தமாகவா? பேசுகிறேன். கல்லூரியில் கடைசி பெஞ்சில் வாயே திறக்காதவள் நான். என்னை இங்கே ஏற்றியது ஓர் ஆங்கிலச் சொல். ‘புட் அப் வித்.’

போன வாரம் தலைமை அலுவலகத்து அம்மா ஒருவர் தோட்டம் பார்க்க வந்தார். மொழிபெயர்க்க நான் போனேன். மேல்மலையில் நம் பெண்கள் வட்டமாக நின்று, இடுப்பில் கட்டும் படங்குத் துணியை அவிழ்த்துச் சுவராகப் பிடித்திருந்தார்கள். உள்ளே ஒருத்தி.

“இங்கே கழிப்பறை இல்லையா?” என்று திகைத்தார் வந்தவர். நம் மேனேஜர் சிரித்தபடி ஆங்கிலத்தில் சொன்னார்: “தே புட் அப் வித் இட்.”

படங்கைப் பிடித்திருந்த மூக்கம்மாள் அத்தை கேட்டார்: “என்ன தாயி சொல்லுறாரு?”

“நாம பொறுத்துக்கிறோமாம் அத்தை.”

“அவரு வீட்டம்மாவ ஒருநா இதுக்குள்ள ஒக்காரச் சொல்லு. பொறுக்குதான்னு பாப்போம்!”

சிரிக்கிறீர்கள். அன்று நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் நெஞ்சு எரிந்தது. அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்? பிடிக்காததை, வலிப்பதை, வழியில்லாமல் தாங்கிக்கொள்வது! நாற்றத்துக்குச் சொல்லலாம். நச்சரிப்புக்குச் சொல்லலாம். பாயசத்துக்குச் சொல்வார்களா? பண்டிகைக்குச் சொல்வார்களா? அப்படியானால், நமக்கு வலிக்கிறது என்று மேனேஜருக்குத் தெரியும்! தெரியாமல் விட்டுவிட்டார்கள் என்றல்லவா இத்தனை காலம் நினைத்தோம்? தெரிந்தே விட்டார்கள் தாய்மார்களே, தெரிந்தே!

ஆனந்தி அக்கா இன்று ஏன் வரவில்லை? ஒதுங்க இடமில்லையே என்று, மாசமாக இருக்கும் உடம்போடு, தண்ணீர் குடிக்காமலே கொழுந்தெடுத்தார். முந்தாநாள் மலையிலேயே மயங்கிச் சரிந்தார். சிறுநீரில் கிருமியாம். ஆஸ்பத்திரியில் இன்னும் காய்ச்சல் இறங்கவில்லை. இதையும் பொறுப்பதா? பிறக்காத பிள்ளையும் பொறுப்பதா?

“வேலை போயிட்டா?” என்கிறீர்கள், சாந்தம்மாள் அக்கா. பயம் எனக்கும்தான். என் அம்மாவும் இதே மலையில்தான் கொழுந்தெடுக்கிறார். ஆனால் நம்மை எல்லாரையும் அனுப்பிவிட்டு, கொழுந்தை யார் எடுப்பார்? மேனேஜரா?

நாளை காலை வேலைக்குப் பெயர் கூப்பிடும்போது யாரும் மலையேற வேண்டாம். அலுவலக வாசலில் உட்காருவோம். கதவும் தாழ்ப்பாளும் உள்ள கழிப்பறைக்கு மேல்மலையில் கல் வந்து இறங்கும்வரை எழமாட்டோம். முதலில் உட்காருகிறவள் நான். பக்கத்தில் என் அம்மா.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. விடிந்ததும் வாசலில் சந்திப்போம். வணக்கம்.