விமானம் இல்லாத படைப்பிரிவு

என் காதில் விழுந்ததை மட்டுமே எழுதுகிறேன். ஊகத்தைச் சேர்த்தால் ஒரு பெண்ணின் திருமணம் கெடக்கூடும். இராஜபாளையத்திலிருந்து திருவில்லிபுத்தூர் சென்ற பேருந்தில், எனக்கு முன் இருக்கையில், மணமகளின் தந்தை, அன்று அங்கே நடக்கவிருந்த நிச்சயத்துக்கான தாம்பூலத் தட்டை மடியில் வைத்திருந்தார். அருகிலிருந்த மைத்துனர் கேட்டார்:

“மாப்பிள்ள ரிப்பேர் பாத்த போர் விமானத்தையெல்லாம் பழசாப் போச்சுன்னு நிறுத்திட்டாகளாமே, மச்சான்?”

“புதுசு வருதுன்னு சொல்லுதாரு.”

“எப்ப வருதாம்?”

“அது ரகசியமாம்.”

“அதுவரைக்கும் அந்தப் படைப்பிரிவுல இவருக்கு என்ன வேலை?”

“அதுவும் ரகசியமாம்.”

“ரிப்பேர் பாக்க விமானமே இல்ல. தன் நிச்சயத்துக்கு வர லீவு மட்டும் எப்படி இல்லாமப் போச்சு?”

திருவில்லிபுத்தூரில் மைத்துனர் இறங்கினார், நானும் இறங்கினேன். தந்தை தட்டைப் பற்றியபடி அமர்ந்தே இருந்தார். புதிய விமானங்கள் எப்போது வரும் என்பதும், அன்று நிச்சயம் நடந்ததா என்பதும் எனக்குத் தெரியாது.