பாவ்லா ஏறிய பரண்

எங்கள் வேட்டைக் குழுவின் பெருமதிப்பிற்குரிய தலைவர் பொகோமிர் அவர்களே! காட்டையே கண்ணுக்குள் வைத்திருக்கும் மூத்தோர்களே! எங்கள் சேற்றுக்கால்களைச் சகித்துச் சகித்துச் சலித்துப்போன தாய்மார்களே! வாசலில் கட்டிப்போட்டும் வாய் ஓயாத நாய்களே! அனைவருக்கும் இந்த விங்கோவின் வணக்கம்.

முதல் மானை வீழ்த்தியவரை மண்டியிட வைத்து, விளையாட்டாய் ஒரு வழக்கு நடத்தி, முதுகில் கோலால் மூன்று அடி கொடுப்பது நம் வேட்டைத் திருமுழுக்கு. இன்று அந்த அடியை வாங்கப் போகிறவர் பாவ்லா. யார் இந்தப் பாவ்லா? யெர்னெயின் மனைவி. யார் அந்த யெர்னெய்? என் வாலிபம் முழுவதும் என்னோடு பனியில் நடந்தவன். என் ரொட்டியில் பாதியைத் தின்றவன். தான் தவறவிட்ட பன்றியை ஊரெல்லாம் யானையாக்கிச் சொன்னவன்!

யாரங்கே சிரிப்பது? ஃபிரான்ட்ஸா? பக்கத்து ஊர்க் கன்றுக்குட்டியைக் குறிபார்த்த நீங்கள் சிரிக்கலாமா ஐயா?

சனிக்கிழமை மாலை என்னோடு சீட்டாடி, ஏமாற்றி ஜெயித்து, எகத்தாளமாய்ப் போனவன், ஞாயிறு காலையில் காப்பி கொதிக்கும் முன்பே கீழே சாய்ந்தான். நோய் உண்டா? இல்லை. நொடிப்பொழுதாவது அறிவிப்பு உண்டா? அதுவும் இல்லை. அவன் குழிமேல் ஊசியிலைக் கிளை போட்டோம், கொம்பு ஊதினோம். நீங்கள் அழுதீர்கள். எனக்கு அழுகை வரவில்லை. வீட்டுக்குப் போய்த் துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். அவனில்லாத காட்டில் எனக்கென்ன வேலை என்று கட்டிலில் கிடந்தேன்.

வசந்தம் வந்தது, வாசலுக்குப் பாவ்லாவும் வந்தாள். காலில் கணவனின் பூட்ஸ்.

“விங்கோ, எந்திரி. நீங்க ரெண்டு பேரும் காட்டுல பாதியில விட்ட வேட்டைப் பரண் அப்படியே நிக்குது. ஏணி பிடிக்க ஆள் வேணும்.”

“உனக்கு எதுக்குப் பரண்? வேட்டைன்னாலே மூக்கைப் பிடிப்பியே!”

“ஆமா, ரத்தக்கறை துவைச்சுத் துவைச்சு எனக்கு வெறுத்துத்தான் போச்சு. ஆனா ஞாயித்துக்கிழமை விடியறதுக்கு முன்ன மூஞ்சியத் தூக்கி வச்சிட்டுப் போவான். வரும்போது சிரிச்சிட்டு வருவான். பாதி நாள் வெறுங்கையோட! அந்தச் சிரிப்பு எங்க கிடைச்சுதுன்னு நான் பாக்கணும்.”

அவையோரே, கட்டிலை விட்டு எழுந்தேன்.

அவள் மேலே ஆணி அடித்தாள்; நான் கீழே ஏணி பிடித்தேன்.

“கோணலா அடிக்கிறியே, பாவ்லா!”

“உன் சிநேகிதன் அடிச்சதப் பாரு! பாம்பு மாதிரி நெளியுது!”

பார்த்தேன். நெளிந்துதான் இருந்தது. சிரித்தேன். சிரிப்பு எங்கே முடிந்தது, அழுகை எங்கே தொடங்கியது, எனக்கே தெரியாது. கல்லறையில் வராத கண்ணீர் காட்டில் கொட்டியது. மேலேயிருந்து பாவ்லா சொன்னாள்:

“அழு, நல்லா அழு. ஆனா ஏணிய மட்டும் விட்றாத, நான் விழுந்து வைக்கப்போறேன்!”

வேட்டை உரிமத் தேர்வெழுதினாள், தேறினாள், துப்பாக்கி ஏந்தினாள். இலையுதிர்காலத்து முதல் விடியலில் இருவரும் அந்தப் பரணில் உட்கார்ந்தோம். மான் வரவில்லை. மூடுபனியை விலக்கிக்கொண்டு தாய்க்கரடி வந்தது. பின்னால் உருண்டு உருண்டு இரண்டு குட்டிகள்! பாவ்லா என் சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டாள். கரடிகள் கடந்து போனபின் மெல்லக் கேட்டாள்:

“இதுதானா?”

“இதுதான்.”

அவள் முகத்தில் அப்படியொரு சிரிப்பு! மான் கிடைத்தது பிறகொரு நாள். அன்று கிடைத்ததே பெரிது.

நண்பர்களே! நல்ல நண்பனை இழந்தவர் இங்கே எத்தனை பேர்? கட்டிலில் கிடந்து காட்டை வெறுத்தவர் எத்தனை பேர்? எழுந்திருங்கள்! அவன் நடந்த தடத்தில் நடங்கள்; அவன் பொய்களை அவனைவிடப் பெரிதாகச் சொல்லுங்கள்; அவன் பெயரைச் சொல்லி வயிறு வலிக்கச் சிரியுங்கள்! துக்கமும் கூடவே வரட்டுமே. அதற்கும் பரணில் இடம் உண்டு.

தலைவர் அவர்களே, அந்தக் கோலை இப்படிக் கொடுங்கள். பாவ்லா, மண்டியிட்டபடியே குனி! என்ன சொல்கிறாய்?

“பேசினது போதும், அடிச்சுத் தொலை! முட்டி வலிக்குது!”

கேட்டீர்களா? பொறுமையோடு செவிகொடுத்த உங்களுக்கு என் நெஞ்சு நிறைந்த நன்றி. நாளை விடியலில் உங்கள் கண்களுக்கு நல்ல காட்சி வாய்க்கட்டும்!