சிஞ்சமாளில் ஒரு மாவு மில்

மேடையின் நடுவே வீற்றிருந்து, நான் நீட்டி முழக்கினால் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுவதற்கென்றே எனக்குப் பக்கத்து நாற்காலியைக் கேட்டு வாங்கி அமர்ந்திருக்கும் அன்புத் தலைவர் சூர்யநாராயணன் ஐயா அவர்களே! இயந்திர வேலை எதுவானாலும் தன் உதிரிபாகக் கடையை மூடிவிட்டு நமக்காக ஓடி வரும் அண்ணன் நூருல் அமீன் அவர்களே! முழங்கால் வலியோடு படியேறி வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் புனே கட்கியின் மூத்த பெருமக்களே! அடுப்பை அணைத்துவிட்டு ஆட்டோ பிடித்து வந்திருக்கும் தாய்மார்களே! மகர்பட்டாவின் மாடி வீடுகளிலிருந்து வந்திருக்கும் இளையவர்களே! தமிழ் படிக்க வராது என்று வாசலில் வருத்தப்பட்டீர்கள். காது இருக்கிறதல்லவா, கண்மணிகளே, எனக்கு அது போதும்! உங்கள் அனைவருக்கும் இந்தக் கனகவல்லியின் கனிந்த வணக்கம்.

நம் கட்கித் தமிழர் கைகொடுப்பு நிதியின் பதினாறாம் ஆண்டு விழாவில், செயலாளர் என்ற முறையில் அறிக்கை வாசிக்கச் சொன்னார்கள். அறிக்கை அச்சாகி உங்கள் நாற்காலியிலேயே இருக்கிறது. புழுக்கத்துக்கு விசிறிக்கொள்ளவும் உதவும். அதில் அச்சிட முடியாத ஒன்றைச் சொல்ல வந்திருக்கிறேன். நான் செய்த தவறு ஒன்றை.

என்ன, திடீரென்று இவ்வளவு அமைதி? அடுத்தவர் தவறு என்றால் அவ்வளவு இனிக்கிறதா? இனிக்கட்டும், கேளுங்கள்!

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நமக்கு ஒரு விண்ணப்பம் வந்தது. ரஞ்சன்காவ் தொழிற்சாலைகளைத் தாண்டி, தார்ச்சாலை முடிந்து, மண்சாலையும் முடியப்போகிற இடத்தில் சிஞ்சமாள் என்று ஒரு சிற்றூர். நாற்பது வீடுகள். ஊருக்கு முன்னால் ஓர் ஓடை, பின்னால் ஒரு குன்று. எழுதியவள் சுலபா. முப்பது வயதுப் பெண். கணவன் கைவிட்டதால் அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தவள். அவள் கேட்டது, ஊருக்கு ஒரு மாவு மில்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மாவு மில்லா? அந்த ஊரில் குடிதண்ணீர்த் தொட்டியே பழசாக இருக்கும். நல்லதாக ஒரு தொட்டி கட்டிக் கொடுப்போம்" என்றேன். ஊரைப் பார்த்தேனா? இல்லை. ஒருவரிடமாவது கேட்டேனா? இல்லை. தொட்டி என்றால் உயரமாக நிற்கும். நம் நிதியின் பெயரை நீல நிறத்தில் எழுதலாம். நெடுஞ்சாலையில் போகிறவர்கள்கூடப் படிக்கலாம். ஆம், அம்மா, சிரியுங்கள்! என் மனத்துக்குள் அந்த ஆசைதான் அன்று உட்கார்ந்திருந்தது.

நூருல் அமீன் அண்ணனின் டெம்போவில் ஊருக்குப் போனோம். நான் டேப்பை எடுத்துத் தொட்டிக்கு இடம் அளக்கத் தொடங்கிவிட்டேன். பெண்கள் கூட்டமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் நின்றிருந்த ஒருத்தி முன்னால் வந்தாள். என் கையிலிருந்த டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். உதவி செய்கிறாள் என்று நினைத்தேன். அவள் பிடித்தது, என்னை நிறுத்துவதற்கு!

"டாக்கி நகோ, தாயி. கிரணி பாஹிஜே."

தொட்டி வேண்டாம் அக்கா, மாவு மில்தான் வேண்டும் என்றாள் சுலபா.

"தண்ணியைவிட மாவு பெருசாம்மா?" என்று கேட்டேன். அவள் மராத்தியில் சொன்னதை நம் பேச்சில் சொல்கிறேன். "தண்ணிக் குழாய்க்குப் பஞ்சாயத்துல எழுதிக் குடுத்தாச்சு, இன்னிக்கு இல்லாட்டி நாளைக்கு வந்துடும். மில் வேணும்னு கேட்டா எந்த ஆபீஸ்லயும் சிரிக்கிறாங்க. சோள மாவு பழசானா பாக்ரி ரொட்டி தட்ட வராதுக்கா, கையிலயே பிளந்துடும். அதனால வாரா வாரம் அரைக்கணும். மில்லு ஓடைக்கு அந்தப் பக்கம், ஒரு மணி நேர நடை. மழைக்காலத்துல அந்த ஓடைய நீங்க பாத்ததில்ல."

பிறகு தன் அண்ணியை அழைத்து வந்து காட்டினாள். அதற்கு முந்தைய மழைக்காலத்தில், அரைத்த மாவைத் தலையில் சுமந்து ஓடையைக் கடந்தபோது வழுக்கி விழுந்தவள் அந்த அண்ணி. தோளெலும்பு முறிந்துவிட்டது. இன்றும் வலது கை தோளுக்கு மேலே எழும்பாது. "அன்னிக்கு எலும்பு உடைஞ்சதுக்கு அழல. மாவு பூரா தண்ணியில போச்சேன்னுதான் அழுதேன்" என்றாள் அந்த அம்மாள்.

நான் டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டேன். அதற்கு மேல் எதை அளப்பது, சொல்லுங்கள்?

மில் கொடுப்பது என்று முடிவானது. மின்சார மோட்டார் போதும் என்று குழுவில் எல்லோரும் சொன்னபோது நூருல் அமீன் அண்ணன் ஒருவர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "ஏம்மா கனகா, மழை பெஞ்சா அங்க மொதல்ல சாயுறது கரண்ட் கம்பம்தான். டீசல் இஞ்சினாப் போட்டுருவோம். நான் பழுது பாத்துத் தாரேன், நீ கவலப்படாத" என்றார். பட்டறையில் கிடந்த ஓர் இஞ்சினை வாங்கி, பிரித்து, துடைத்து, கோத்து, அவரே கொண்டுபோய்ப் பொருத்தினார். பழுதானால் அழைக்கட்டும் என்று மில் சுவரில் நம் நிதியின் பெயரைத் தமிழில் எழுதி, என் போன் நம்பரையும் போட்டு வைத்தார். சுலபா மூன்றே நாளில் பழகிக்கொண்டாள். ஊர்ப் பெண்கள் கூடிப் பேசி மில்லை அவள் பொறுப்பில் விட்டார்கள்.

அண்ணே, நீங்கள் தலையைக் குனிந்தால் விட்டுவிடுவேனா? கைதட்டுங்கள், ஐயா, அவருக்கு நன்றாகக் கைதட்டுங்கள்!

இப்போது போன ஆவணி மாதத்துக்கு வருகிறேன். இரண்டு நாள் இடைவிடாத மழை. ஓடை ஊருக்குள் ஏறிவிட்டது. கம்பங்கள் சாய்ந்தன, மின்சாரம் போயிற்று. ரஞ்சன்காவிலிருந்து தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு, வெள்ளத்துக்குப் பயந்து மாற்றுப் பாதை தேடி வந்த பஸ் ஒன்று, முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் திரும்ப முடியாமல் சிஞ்சமாளில் சிக்கிக்கொண்டது. உள்ளே இருபத்தாறு பேர். அவர்களில் ஒருவர் நம் தூத்துக்குடிக்காரர், எலக்ட்ரீஷியன், புனேக்கு வந்து மூன்றே மாதம் ஆனவர். இருதயராஜ் தம்பி, எழுந்து நில்லுங்கள்! வெட்கப்படாதீர்கள், எல்லோரும் பார்க்கட்டும்.

இந்தத் தம்பி குன்றின் மேல் ஏறி நின்று, சிக்னல் தேடி, என்னை அழைத்தார். "அக்கா, நான் யாருன்னு ஒங்களுக்குத் தெரியாது. இங்க ஒரு மாவு மில்லு செவத்துல தமிழ்ல எழுதி, போன் நம்பரும் போட்டிருக்கு. ரெண்டு நாளா ஒரு தமிழ் எழுத்து கண்ணுல படலக்கா. இதப் பாத்ததும் அழுகையே வந்துட்டு" என்றார். நானும் அழுதேன், பிறகு ஊர் நிலவரம் கேட்டேன்.

அவர் அன்றும் பிறகும் சொன்னதை இங்கே சொல்கிறேன். வீடுகளில் சோளம் இருந்தது, மாவு இல்லை. மில்லில் இருந்த டீசல் ஒரே ஒரு கேன். சுலபாவின் அண்ணன் மில் வாசலில் வந்து நின்றான். "மொதல்ல நம்ம வீட்டுக்கு அரை. அப்புறம் ஊருக்கு. பஸ்காரங்கள்லாம் நமக்கு யாரு?" என்றான்.

கெட்டவன் அல்ல, தாய்மார்களே! வீட்டில் கை தூக்க முடியாத மனைவி, மூன்று குழந்தைகள்; பயந்துவிட்டான். அந்த இடத்தில் நாம் இருந்தால் வேறு எதைச் சொல்லியிருப்போம்?

சுலபா அந்த வீட்டில் எப்படி இருந்தவள் என்பதை நினைத்துப் பாருங்கள். உட்கார்ந்தால் இடைஞ்சல், பேசினால் அதிகப்படி. நான்கு ஆண்டுகளாக அண்ணன் முகம் பார்த்து ஒரு வார்த்தை எதிர்த்துச் சொன்னவள் அல்லள். அன்று இஞ்சினின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே அண்ணனிடம் சொன்னாள்.

"தாதா, இந்த மில்லு என் பொறுப்பு. நாப்பது வீட்டுக்கும் ஓடும், பஸ்ல இருக்கிறவங்களுக்கும் ஓடும். நம்ம வீட்டுக்குக் கடைசியாத்தான் அரைப்பேன். நீ கோவிச்சுக்கிட்டாலும் சரி."

இஞ்சின் ஓடியது. வீட்டுக்கு வீடு பாக்ரி தட்டினார்கள். பஸ்ஸில் இருந்த பீஹார்காரர் சாப்பிட்டார், ஒடிசாக்காரர் சாப்பிட்டார், நம் தூத்துக்குடித் தம்பி சாப்பிட்டார். மறுநாள் மதியம் டீசல் தீர்ந்து இஞ்சின் நின்றது. அப்போது பஸ் டிரைவர் யாரும் கேட்காமலே எழுந்தார். ஒரு குழாயை எடுத்தார். தன் பஸ்ஸின் டாங்கிலிருந்து டீசலை உறிஞ்சி எடுத்துக் கேனை நிரப்பினார். அந்தக் கேனை மில்லுக்குத் தூக்கி வந்தவன் யார்? சுலபாவின் அண்ணன்! தங்கை முகத்தைப் பார்க்காமலே இறக்கி வைத்துவிட்டு, வரிசையில் நின்றவர்களின் மூட்டைகளைத் தூக்கி ஊற்றத் தொடங்கினான். நான்காம் நாள் ஓடை வடியும்வரை அந்த ஊரில் ஒரு குழந்தை, ஒரே ஒரு குழந்தைகூடப் பசியோடு தூங்கவில்லை!

என் அன்பு மக்களே, நான் ஆசைப்பட்ட தொட்டி அங்கே நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சுற்றிலும் வெள்ளம், நடுவில் நீல எழுத்தில் நம் பெயர்! பெயரைப் பிசைந்து பாக்ரி தட்ட முடியுமா? நாம் கொடுத்தது இரும்பு. அதை யாருக்காக ஓட்டுவது என்று தீர்மானித்தவள் அவள். நாம் கொடுத்தது கல். அதில் கருணையைச் சேர்த்து அரைத்தவள் அவள். கொடுக்கிறவருக்குப் பணம் இருக்கலாம், படிப்பு இருக்கலாம், பதவி இருக்கலாம். எது தேவை என்பது அந்த வெயிலில் நடக்கிற காலுக்கல்லவா தெரியும்? அந்தக் கரையில் வழுக்கி விழுந்த தோளுக்கல்லவா தெரியும்?

இப்போது தலைவர் ஐயா கடிகாரத்தைத் தட்டுகிறார். முடிக்கிறேன், ஐயா. முடிப்பதற்கு முன் ஒரு தீர்மானம்.

இந்த ஆண்டு பதினோரு ஊர்களிலிருந்து விண்ணப்பங்கள் வந்திருக்கின்றன. அவற்றைப் பரிசீலிக்கும் குழுவில் ஏழு பேர் இருக்கிறோம். ஏழு பேரும் கட்கியில் இருக்கிறோம், மகர்பட்டாவில் இருக்கிறோம். கிராமத்தில் இருக்கிறவர் ஒருவர்கூட இல்லை. பதினாறு ஆண்டுகளாக இது யாருக்கும் உறைக்கவில்லை; எனக்கும் உறைக்கவில்லை. ஆகவே, குழுவின் எட்டாவது உறுப்பினராகச் சிஞ்சமாள் சுலபாவை நான் முன்மொழிகிறேன். தமிழ் தெரியாதே என்று மூன்றாவது வரிசையில் யாரோ முணுமுணுக்கிறீர்கள். தெரியாதுதான். நாம் மராத்தியில் பேசுவோம்; காய்கறிக்காரரிடம் தினமும் பேசுகிறோமே, குழுவில் பேசினால் நாக்கு சுளுக்கிக்கொள்ளுமா?

வழிமொழிகிறேன் என்கிறார் நூருல் அமீன் அண்ணன். நன்றி, அண்ணே. சம்மதம் என்கிறவர்கள் கை தூக்குங்கள். முன்வரிசைப் பெரியவர்களே, தாய்மார்களே, மாடி வீட்டுப் பிள்ளைகளே, தூக்குங்கள்! இன்னும் உயரமாக! ஐயா, நீங்களுமா? கடிகாரம் கட்டிய கையையே தூக்கிவிட்டீர்களே!

பொறுமையோடு கேட்ட உங்கள் ஒவ்வொருவருக்கும் என் உள்ளம் நிறைந்த நன்றி. இந்தக் கைகள் எல்லாவற்றுக்கும் என் வணக்கம்.

சுலபா, ஏன் கதவருகிலேயே நிற்கிறாய்? யே, வர் யே. மேலே வா, தங்கச்சி. என் பக்கத்தில் உனக்கு நாற்காலி போட்டாயிற்று.