தொப்பி மட்டும் தெரியும் பதினேழு வினாடிகள்

காபியில் சர்க்கரை போட்டுவிட்டேன். கேட்டுவிட்டுப் போட்டிருக்கலாம். வேண்டாமென்றால் அப்படியே வைத்துவிடுங்கள், வேறு கலந்து தருகிறேன். கேட்காமலே செய்துவிடுகிற பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. பெரும்பாலும் அது நல்லதாகத்தான் முடிந்திருக்கிறது.

அந்த டப்பாவை மேசைமேலேயே வையுங்கள். என் படத்தைப் புதுப்பித்து மறுபடி திரையிடுவதற்காக, காப்பகத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். என் பழைய பெட்டிகளுக்கு நடுவே உள்ளங்கை அகலத்தில் ஒரு டப்பா உங்களுக்குக் கிடைத்தது. மேலே ‘வேண்டாதவை’ என்று என் கையெழுத்து, உள்ளே பதினேழு வினாடி ஃபிலிம். இது எங்கே வரவேண்டியது, ஏன் வெட்டினீர்கள் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். நாற்பத்தாறு வருஷத்தில் இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

ஆம்ப்ரோஸ் விட்லோவை நான் முதன்முதலாகக் கேட்டபோது எனக்குப் பத்தொன்பது வயது. பிட்ஸ்பர்க்கில் எங்கள் ஹில் பகுதி முழுக்க ஜாஸ் இசை இருந்த காலம். அப்பாவோடு எஃகு ஆலையில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒரு ஞாயிறு மதியம் பிளம் ரூம் என்ற கிளப்பில் அவர் பியானோவில் ஒரே பாட்டை இருபத்திரண்டு நிமிடம் வாசித்தார். யாரும் பதிவு செய்யவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். அம்மா ஏதோ காதல் விவகாரம் என்று நினைத்துக்கொண்டார். அது ஒன்றும் தப்பில்லை. அடுத்த மாதம் ஆலையை விட்டுவிட்டு கேமராவைத் தூக்கினேன். இந்த மனிதரை என்றாவது ஒருநாள் ஒழுங்காகப் படம் பிடிக்க வேண்டும், அது ஒன்றுதான் என் நினைப்பு.

பதினொரு வருஷம் கழித்து, 1973இல், அந்த வாய்ப்பு கிடைத்தது. ஐந்து மாதம் அவர் பின்னாலேயே அலைந்தேன். அவர் முடி வெட்டிக்கொள்வதை எடுத்தேன், சர்ச்சில் தூங்கி வழிவதை எடுத்தேன், மனைவி வெர்னீஸ் வறுத்த மீனுக்குக் கண்ணில் நீர் வர மிளகாய்ச் சாறு ஊற்றிக்கொள்வதை எடுத்தேன். எல்லாம் இருந்தது. அந்த நீண்ட வாசிப்பு மட்டும் இல்லை. அதற்குள் அவர் வாசிப்பு சுருங்கிப்போயிருந்தது. நாலு நிமிடம், ஐந்து நிமிடம், முடிந்தது. கேட்டால் சிரிப்பார்.

“நாலு நிமிஷத்துல புரியாதவனுக்கு நாப்பது நிமிஷத்துல மட்டும் என்ன புரியும், தம்பி? பசிதான் எடுக்கும்.”

எங்கள் பகுதி ஜாஸ் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வாசிக்கும்போது மேடையில் யாரும் வாய் திறந்து பேசுவதில்லை. தன் தனி வாசிப்பை முடிக்க நினைப்பவர் உச்சந்தலையில் உள்ளங்கையால் தட்டுவார். ஆரம்ப மெட்டுக்குத் திரும்பி முடித்துக்கொள்வோம் என்று அதற்கு அர்த்தம். மற்றவர்கள் உடனே திரும்பியாக வேண்டும். திரும்பாதவனை அடுத்த வாரம் யாரும் வாசிக்கக் கூப்பிட மாட்டார்கள். இன்னொன்றும் உண்டு. பின்னால் தாளம் ஓடிக்கொண்டிருக்கும்போது முன்னால் இருப்பவர் எழுந்து போகமாட்டார். விட்லோ அந்தக் காலத்து ஆள். செத்தாலும் போகமாட்டார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள்.

அதனால் பிளம் ரூம் படப்பிடிப்புக்கு முந்தின நாள், சனிக்கிழமை, நான் டிரம்ஸ் வாசிக்கும் டெல்மர் கெய்ன்ஸையும் பாஸ் வாசிக்கும் லைமனையும் தனியாகப் பார்த்துப் பேசினேன். நாளைக்கு அவர் தலையைத் தட்டினால் கண்டுகொள்ளாதீர்கள், நான் கை காட்டும்வரை வாசித்துக்கொண்டே இருங்கள் என்றேன்.

டெல்மருக்கு அப்போது இருபத்தெட்டு வயது. விட்லோவைக் கடவுளுக்கு அடுத்தபடியாக வைத்திருந்தவன்.

“டேய் கால்வின், கிழவன் என் தோலை உரிச்சு டிரம்முக்குப் போட்டுடுவான்டா.”

“படத்துக்காகன்னு நான் சொல்லிக்கிறேன். பழி என் மேல.”

“நீ சொல்லுவ. அடி வாங்குறது யாரு?” என்று சிரித்தான். ஆனால் அவனுக்கும் அந்த இருபத்திரண்டு நிமிடத்தைப் பற்றித் தெரியும். அவனுக்கும் ஆசைதான்.

ஞாயிறு மதியம் சர்ச் விட்டதும் ஜனங்கள் நேராக பிளம் ரூமுக்கு வந்தார்கள். பெண்கள் தலையில் சர்ச்சுக்குப் போட்ட தொப்பியோடே கோழி வறுவலைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். விட்லோ சாம்பல் நிறக் கோட்டில் வந்தார். வெள்ளைச் சட்டை மட்டும் இருந்தால் கறுப்புப் பியானோவுக்கு எடுப்பாக இருக்கும் என்றேன். அவர் கோட்டைக் கழற்றி என்னிடமே கொடுத்தார். நான் அதை உள்ளறையில் மாட்டினேன். தொப்பியைக் கழற்றிப் பியானோமேல் வைத்தார்.

அப்போது வெர்னீஸ் அக்கா என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

“கண்ணு, அவரு சொல்லமாட்டாரு, நான் சொல்றேன். நெஞ்சு சரியில்ல. ரொம்ப நேரம் வாசிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. களைச்ச மாதிரி தெரிஞ்சா நிறுத்திடு. மாத்திரை கோட்டுப் பையில இருக்கு.”

“நீங்க கவலைப்படாதீங்கக்கா. என் கண்ணு அவர் மேலேயே இருக்கும்” என்றேன். அது பொய்யில்லை. பதினொரு நிமிடமும் என் கண் அவர் மேலேயேதான் இருந்தது.

அந்த நாலு நிமிடத்துக்குக் காரணம் என்ன என்று எனக்கு அந்தக் கணத்தில்தான் தெரிந்தது. டெல்மர் பத்தடி தூரத்தில் ஸ்டூலைச் சரிசெய்துகொண்டிருந்தான். நேற்றுச் சொன்னதை மறந்துவிடு என்று சொல்ல அரை நிமிடம் போதும். நான் கேமராவில் புதுச் சுருளை மாட்டினேன். முழுச் சுருள் அது ஒன்றுதான் பாக்கி. பதினொரு நிமிடம் ஓடும்.

நாலாவது நிமிடத்தில் தலையைத் தட்டினார். தாளம் நிற்கவில்லை. திரும்பி டெல்மரைப் பார்த்து ஒரு புருவத்தை உயர்த்தினார். பிறகு சிரித்துவிட்டு வாசிக்கத் தொடங்கினார். நீங்கள் படத்தில் பார்த்திருப்பீர்கள். அந்த இரண்டு நிமிடம்போல நான் என் வாழ்க்கையில் கேட்டதில்லை. என் கணக்கு சரிதான் என்று நினைத்துக்கொண்டேன். அழுகை வந்தது. கண் கலங்கினால் கேமரா வழியாகத் தெரியாது என்று அடக்கிக்கொண்டேன்.

ஆறாவது நிமிடத்தில் இடது கை மடிக்கு இறங்கியது. வலது கை மட்டும் வாசித்தது. கூட்டம் அதை அவருடைய விளையாட்டு என்று நினைத்தது. “பேசு ஆம்ப்ரோஸ், பேசு” என்று யாரோ உற்சாகமாகக் கத்தினார்கள். இடைவெளி விடுவதில் பேர்போனவர் அவர், ஜனங்கள் நினைத்ததில் தப்பில்லை. ஆனால் அவருடைய இசைத்தட்டு ஒவ்வொன்றும் எனக்கு மனப்பாடம். அவர் எங்கே இடைவெளி விடுவார், எங்கே விடமாட்டார் என்று தெரிந்த ஒரே ஆள் அந்த அறையில் நான்தான். அது அவர் விட்ட இடைவெளி இல்லை. கேமராவில் முகத்தை நெருக்கமாகக் கொண்டுவந்து பார்த்தேன். உதடு சாம்பல் நிறமாக இருந்தது.

வெர்னீஸ் அக்கா நாற்காலியிலிருந்து எழுந்தார். நான் ஒரு கையைக் கேமராவிலிருந்து எடுத்து, உட்காருங்கள் என்று காட்டினேன். அவர் உட்கார்ந்தார். என்னை நம்பினார்.

ஏழாவது நிமிடத்தில் மறுபடி தலைக்குக் கை போனது. இந்த முறை தட்டவில்லை. கை தலைமேலேயே நின்றது. பியானோ நின்றுவிட்டது, தாளம் மட்டும் ஓடியது. டெல்மர் என்னைப் பார்த்தான். அவனுக்கு அவர் முதுகுதான் தெரியும், முகம் தெரியாது. நான் விரலைச் சுழற்றி, போய்க்கொண்டே இரு என்றேன். விட்லோ கேமராவைப் பார்த்தார். கேமராவை என்றால் என்னைத்தான். “கால்வின், போதும்ப்பா” என்றார். ஒலிவாங்கி பியானோவுக்குள் இருந்ததால் குரல் பதிவாகவில்லை. உதடு தெளிவாகத் தெரிகிறது. நான் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து, இன்னும் கொஞ்சம் என்று காட்டினேன்.

அவர் மரியாதை தெரிந்த மனிதர். கையை இறக்கி மறுபடி வாசித்தார். இன்னும் நாலு நிமிடம் வாசித்தார்.

சுருள் தீர்ந்து ஃபிலிமின் வால் கேமராவுக்குள் படபடத்தது. அப்போதுதான் டெல்மருக்குக் கை காட்டினேன். தாளம் நின்றதும் விட்லோ முன்னால் சாய்ந்தார். நெற்றி பட்டுப் பியானோவின் ஐந்தாறு கட்டைகள் ஒன்றாக ஒலித்தன. அக்கா உள்ளறைக்கு ஓடிக் கோட்டை எடுத்துவந்தபோது மாத்திரையை வைக்க விட்லோவின் வாய் திறக்கவில்லை. ஆஸ்பத்திரி நாலு தெரு தள்ளித்தான். பத்து நிமிடம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று அங்கே சொன்னார்களாம். எனக்கு அது பிறகு தெரிந்தது. நான் கூடப் போகவில்லை. ஆம்புலன்ஸ் கிளம்பியதும் என்னிடம் மிச்சமிருந்த துண்டு ஃபிலிமை மாட்டி, பியானோமேல் இருந்த அவர் தொப்பியைப் படம்பிடித்தேன். வெளிச்சம் நன்றாக இருந்தது.

அவர் தலைமேல் கை வைத்து என்னைப் பார்த்த அந்தப் பதினேழு வினாடியை வெட்டி, அந்த இடத்தில் தொப்பியை ஒட்டினேன். தாளம் மட்டும் கேட்கும், பியானோ மௌனமாக இருக்கும், திரையில் தொப்பி. சினிமாப் பள்ளிகளில் அதைப் பாடமாகவே வைத்திருக்கிறார்கள். மௌனத்துக்கு ஒரு முகம் கொடுத்தேன் என்று ஒருவர் எழுதினார். அந்த மௌனத்துக்கு ஒரு முகம் இருந்தது. அதை வெட்டி இந்த டப்பாவில் போட்டுவைத்திருந்தேன்.

ஏன் வெட்டினேன் என்றால், அக்காவின் மனசு நோகக்கூடாது என்றுதான். அடக்கத்தன்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நல்லவேளை நீ இருந்த, கண்ணு. அவர் கடைசியா வாசிச்சது உன்னாலதான் நிக்குது” என்றார். அதன்பிறகு அந்த முகத்தை அவரிடம் எப்படிக் காட்டுவது?

டெல்மர் அப்படி விடவில்லை. அடக்கம் முடிந்ததும் என்னைச் சுவரோரம் நிறுத்தினான்.

“எனக்கு முதுகுதான் தெரிஞ்சுது. உனக்கு மூஞ்சி தெரிஞ்சிருக்குமே? கேமரால பெரிசா தெரியுமே? சொல்லுடா.”

“நான் அவர் விரலைத்தான் படம் எடுத்துட்டிருந்தேன், டெல்மர். மூஞ்சிய நான் பார்க்கல.”

“அப்போ நான்தான் கொன்னிருக்கேன். கிழவன் நிறுத்துன்னு சொன்னான், நான் அடிச்சிட்டே இருந்தேன்.”

இல்லை என்று நான் சொல்லவில்லை. தோளில் கை வைத்தேன். அதோடு அவன் டிரம்ஸைத் தொடவே இல்லை. முப்பது வருஷம் நகரப் பேருந்து ஓட்டினான். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எனக்குத் தொலைபேசியில் பேசுவான். சுற்றி வளைத்து அதே கேள்விதான். “நீ நிஜமாவே பார்க்கலையா?” நானும் அதே பதில்தான். சென்ற மார்ச் மாதம் அவன் இறந்துபோனான். அடக்கத்தில் நான்தான் பேசினேன். நல்ல தாளக்காரன், நல்ல நண்பன் என்றேன். இவன் யாரையும் கொல்லவில்லை என்று அங்கேயாவது சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. சொல்லாமல் இறங்கிவிட்டேன். அதற்காக என்னையே நான் வெறுக்கிறேன். சாப்பிட உட்கார்ந்தால் அவன் குரல்தான் கேட்கிறது.

அதனால் இப்போது சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். அக்கா எச்சரித்தார், எனக்குத் தெரியும். முகத்தைப் பார்த்தேன், எனக்குப் புரிந்தது. அவர் போதும் என்றார், நான் விடவில்லை. ஆம்ப்ரோஸ் விட்லோவைக் கொன்றது நான். டெல்மர் இல்லை. அவரை என்னளவுக்கு யாரும் நேசித்ததில்லை என்பதும் உண்மை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்தத் துண்டைப் படத்தில் திரும்பச் சேர்க்கலாமா என்றுதானே கேட்க வந்தீர்கள்? சேருங்கள். ஜனங்கள் பார்க்கட்டும், என்னைக் காறித் துப்பட்டும். எனக்கு அது வேண்டியதுதான். ஒட்டும்போது மட்டும் கொஞ்சம் பார்த்து ஒட்டச் சொல்லுங்கள், ஓரத்தில்கூடக் கீறல் விழக்கூடாது. அந்த வெளிச்சத்தில் அவர் முகம் அவ்வளவு நன்றாக வந்திருக்கிறது.